சொட்டுநீர் எல்லாச் செடிக்கும் சமமாகப் போகிறதா? நீங்களே அளந்து பார்க்கும் முறை

எல்லா டிரிப்பரும் (செடிக்குத் தண்ணீர் சொட்டும் சின்ன முனை) சொட்டுவது வேறு, எல்லா டிரிப்பரும் ஒரே அளவு சொட்டுவது வேறு. இது எனக்கு உறைக்க ஒரு பருவம் முழுக்கப் போனது. கடைசிப் பக்கத்துச் செடிகள் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தன. சத்து போதவில்லை என்று உரம் கொடுத்தேன். நோய் என்று மருந்து அடித்தேன். கடைசியில் குழாய் போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட்டேன். அவர் ஓரத்தில் நின்றபடியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தானே சொட்டுது" என்று கிளம்பிவிட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் என்றால் நிமிடத்துக்கு 67 மில்லி. ஒரு மில்லிக்குச் சுமார் 20 துளி என்று வைத்தால் நொடிக்கு 22 துளி விழுகிறது. அது 13 ஆகக் குறைந்தாலும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் அந்தச் செடிக்குப் போகும் தண்ணீரில் நூற்றுக்கு நாற்பது குறைந்துபோயிருக்கும். வென்ச்சுரி (ஓடும் தண்ணீரில் உரக் கரைசலை உறிஞ்சிக் கலக்கும் கருவி) வழியாக உரமும் விடுகிறீர்கள் என்றால் உரமும் அதே கணக்கில் குறைந்திருக்கும்.

அளந்தால்தான் தெரியும். அளப்பது கஷ்டமில்லை, ஒரு காலைப்பொழுது போதும். தப்பாக அளப்பது அதைவிடச் சுலபம். நான் முதல் தடவை தப்பாக அளந்து, குற்றமே இல்லாத ஃபில்டரை மாற்றினேன். அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம்.

1. முதலில் மூன்று தாள்கள்

ஒன்று, டிரிப்பரின் விவரத்தாள். மோட்டாரைப் போடுவதற்கு முன்பே இதைத் தேடி எடுத்துவிடுங்கள். வாங்கியபோது கொடுத்திருப்பார்கள், அல்லது தயாரிப்பாளரிடம் கேட்டால் கிடைக்கும். அதில் நான்கு விஷயம் பார்க்க வேண்டும். மணிக்கு எத்தனை லிட்டர், அந்த அளவு எந்த அழுத்தத்தில் (பெரும்பாலும் 1 பார்), அழுத்த ஈடுசெய்யும் வகையா (அழுத்தம் மாறினாலும் ஒரே அளவு தருவது) சாதாரண வகையா, உற்பத்தி வேறுபாடு எவ்வளவு. கடைசியாகச் சொன்னது, புத்தம்புதிய டிரிப்பர்களே ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறும் என்பதற்கான எண். 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல சரக்கு. டிரிப்பர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 9261 அதிகபட்சமாக 7 சதவீதம் வரை விடுகிறது.

இரண்டு, தோட்டத்தின் கைவரைபடம். அழகாக இருக்க வேண்டியதில்லை. மெயின் (மோட்டாரிலிருந்து வரும் பெரிய குழாய்) எங்கே வருகிறது, சப்மெயின் (அதிலிருந்து பிரியும் கிளைக்குழாய்) எப்படி ஓடுகிறது, எத்தனை லேட்டரல் (சப்மெயினிலிருந்து கிளம்பும், டிரிப்பர் உள்ள சின்னக் குழாய்), ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், மேடு எங்கே, பள்ளம் எங்கே. மேடு பள்ளத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு மீட்டர் ஏற்றத்துக்கு 0.1 பார் அழுத்தம் போய்விடும், ஒரு மீட்டர் இறக்கத்தில் அதே 0.1 பார் கூடும்.

மூன்று, ஒரு நோட்டு. தேதி, நேரம், வால்வு எண், அளவுகள். கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போய் நனைந்து அழிந்த அனுபவம் எனக்கு உண்டு. பென்சில் எடுத்துப்போங்கள்.

உத்தரவாதக் காலத்துக்குள் இருப்பவர்கள் வாங்கிய ரசீதையும் இந்த நோட்டோடு சேர்த்து வையுங்கள். "சரியா சொட்ட மாட்டேங்குது" என்று சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. "பதினாறு இடத்தில் அளந்தேன், அழுத்தம் இவ்வளவு, வந்தது இவ்வளவு" என்று தாளை நீட்டினால் பேச்சே மாறிவிடும்.

2. சாமான்

பதினாறு பிளாஸ்டிக் கோப்பைகள், அரை லிட்டர் பிடிக்கிற மாதிரி. செல்போனில் நேரம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு மண்வெட்டி, கொஞ்சம் பருத்தி நூல், ஓர் அழுத்தமானி. தண்ணீரை அளக்க 250 மில்லி அளவு உருளை.

உருளை இல்லாவிட்டால் சமையலறை எடைத்தராசு இன்னும் நல்லது. ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். வெறுங்கோப்பையை வைத்து எடையைச் சுழியாக்கிவிட்டு, தண்ணீரோடு இருக்கும் கோப்பையை வைத்தால் நேராக மில்லி கணக்கு வந்துவிடும். சரிந்த தரையில் உருளையைப் பிடித்துக்கொண்டு கோட்டைக் குனிந்து பார்க்கும் வேலை மிச்சம். எல்லாக் கோப்பையும் ஒரே எடைதானா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு செலவழிக்க வேண்டிய ஒரே சாமான் அழுத்தமானிதான். அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் சும்மா கேட்டால் 10 பார் வரை காட்டும் மீட்டரைத் தருவார்கள். நமக்கு வேண்டிய வித்தியாசம் 0.8-க்கும் 1.0-க்கும் நடுவில் இருக்கிறது. 10 பார் மீட்டரில் அது முள்ளின் தடிமன் அளவுதான். 0 முதல் 2.5 பார் வரை காட்டும் மீட்டராகக் கேட்டு வாங்குங்கள். கூடவே லேட்டரல் முனையில் செருகுவதற்கு உங்கள் குழாய் அளவுக்கேற்ற இணைப்பு ஒன்று. சில மீட்டர்கள் கிலோ கணக்கில் காட்டும். ஒரு சதுர செ.மீ.க்கு 1 கிலோ என்பது 0.98 பார். நம் வேலைக்கு இரண்டும் ஒன்றுதான்.

கூட ஓர் ஆள் இருந்தால் நல்லது. இரண்டு பேருக்கு ஒரு வால்வுப் பகுதி முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். தனியாகவும் செய்யலாம், இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

3. எப்போது அளப்பது

புதிதாகப் போட்டவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு தடவை அளந்துவிடுங்கள். பின்னால் எதையும் ஒப்பிட அதுதான் அடிப்படை அளவு. நான் அதைச் செய்யாததால், என் தோட்டத்தில் குறை ஆரம்பத்திலேயே இருந்ததா நடுவில் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்புறம் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஒரு முறை, அடைப்பை நீக்க அமிலம் குளோரின் என்று ஏதாவது விட்டால் அதற்கு முன்னும் பின்னும் ஒரு முறை.

ஃபில்டரைக் கழுவிவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதற்கு எதிர்க்கட்சி. வழக்கமாக எப்படி ஓடுகிறதோ அப்படியே ஓடவிட்டு அளங்கள். செடி குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். வழக்கமாக இரண்டு வால்வை ஒன்றாகத் திறப்பவர் என்றால் அன்றும் இரண்டையும் திறக்க வேண்டும். அளப்பதற்காக ஒன்றை மூடினால் அழுத்தம் ஏறி, எண்கள் எல்லாம் அழகாக வந்து உங்களையே ஏமாற்றும்.

நான் ஃபில்டரை மாற்றிய கதை இந்த இடத்தில்தான் வருகிறது. மோட்டாரைப் போட்ட கையோடு கோப்பைகளை வைத்துவிட்டேன். முன்பக்கம் நிறைந்தது, பின்பக்கம் பாதி. அழுத்தம் போதவில்லை, ஃபில்டர்தான் அடைத்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். உண்மையில் கடைசி லேட்டரல்களில் அப்போதுதான் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. குழாயில் இருந்த காற்றெல்லாம் வெளியேறி, கடைசி லேட்டரலின் முனையில் அழுத்தமானி முள் ஒரே இடத்தில் நிற்கிற வரைக்கும் காத்திருங்கள். சின்னத் தோட்டத்தில் பத்து நிமிடம், பெரிய பகுதியில் அரைமணி ஆகலாம்.

4. எந்தெந்த டிரிப்பர்

இங்கே உங்கள் கண்ணுக்கு வேலை இல்லை. "இது சந்தேகமா இருக்கு" என்று தேர்ந்தெடுத்தால் கணக்கு கெட்டுவிடும். முறை இதுதான்: ஒரு வால்வுக்கு உட்பட்ட பகுதியில் நான்கு லேட்டரல்களை எடுங்கள். சப்மெயினின் தொடக்கத்தில் ஒன்று, மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒன்று, மூன்றில் இரண்டு பங்கில் ஒன்று, கடைசி ஒன்று. ஒவ்வொரு லேட்டரலிலும் அதே போல நான்கு இடம். மொத்தம் பதினாறு. பாசனப் பொறியாளர்கள் 1970-களிலிருந்து வயலில் பின்பற்றும் முறை இது. அவர்கள் ஒவ்வொரு இடத்திலும் அடுத்தடுத்த இரண்டு டிரிப்பரைப் பிடித்து 32 அளவு எடுப்பார்கள். முதல் தடவைக்குப் பதினாறு போதும். ஒரு செடிக்கு இரண்டு டிரிப்பர் இருந்தால் இரண்டையும் பிடித்துவிடுங்கள்.

வேறு வேறு வால்வுப் பகுதிகளை ஒரே கணக்கில் கலக்காதீர்கள். பகுதிக்கு ஒரு தாள்.

சரியாகக் குறித்த இடத்தில் உள்ள டிரிப்பர் அடைபட்டு ஒரு துளிகூட வரவில்லை என்றால் பக்கத்து டிரிப்பருக்குத் தாவக் கூடாது. சுழி என்று எழுதுங்கள்.

5. கோப்பை வைத்துப் பிடிப்பது

ஆன்லைன் டிரிப்பர் (குழாயின் மேல் வெளியே குத்தியது) என்றால் கோப்பையை அடியில் வைத்தால் போதும். டிரிப்பர் குழாய்க்குள்ளேயே இருக்கும் இன்லைன் குழாயில்தான் தொல்லை. துளையிலிருந்து வரும் தண்ணீர் கீழே விழாமல் குழாயின் வயிற்றைப் பிடித்துக்கொண்டே ஓர் அடி தூரம் ஓடி, வேறு எங்கோ சொட்டும். நீங்கள் கோப்பையை வைத்த இடத்தில் பாதிதான் விழும். அல்லது பக்கத்துத் துளையின் தண்ணீரும் சேர்ந்து வந்து விழும். இதற்குத்தான் பருத்தி நூல். துளைக்கு இருபுறமும் இரண்டு விரற்கடை தள்ளி நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சின் வாலைக் கோப்பைக்குள் தொங்கவிடுங்கள். ஓடிவரும் தண்ணீர் நூலைத் தொட்டதும் அதன் வழியாக இறங்கிவிடும். முதல் முறை பார்க்கும்போது மந்திரம் மாதிரி இருக்கும்.

கோப்பை வைக்க மண்வெட்டியால் ஒரு சின்னக் குழி தோண்டுங்கள். குழாயைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். தூக்கினால் அந்த இடத்தில் அழுத்தமும் மாறும், கையும் நடுங்கும்.

நேரம் மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் கணக்கு சுலபம். மூன்று நிமிடத்தில் வந்த மில்லியை 50-ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 200 மில்லி என்றால் 4 லிட்டர். மணிக்கு 2 லிட்டர் டிரிப்பர்காரர்கள் ஆறு நிமிடம் பிடித்து 100-ஆல் வகுக்கலாம், பிழை குறையும்.

பதினாறையும் ஒவ்வொன்றாக மூன்று நிமிடம் நின்று பிடிக்க வேண்டியதில்லை. ஒரு லேட்டரலில் நான்கு கோப்பையையும் இருபது நொடி இடைவெளியில் வரிசையாக வைத்துக்கொண்டே போங்கள். முதல் கோப்பைக்கு மூன்று நிமிடம் ஆனதும் அதிலிருந்து அதே வரிசையில், அதே இருபது நொடி இடைவெளியில் எடுத்துக்கொண்டே வாருங்கள். எல்லாவற்றுக்கும் மூன்று நிமிடம் சரியாக வந்துவிடும். தூரம் அதிகமென்றால் இடைவெளியை முப்பது நொடியாக்கிக்கொள்ளலாம். ஓடவேண்டாம். ஓடினால் கோப்பை தளும்பும்.

6. அழுத்தம் பார்க்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்

வெறும் மில்லி கணக்கு மட்டும் வைத்திருப்பவருக்கு எங்கே குறைகிறது என்று தெரியும், ஏன் குறைகிறது என்று தெரியாது. நான் சொல்லவந்ததில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்க வேண்டுமென்றால் அது இதுதான். ஒவ்வொரு மில்லிக்கும் பக்கத்தில் ஓர் அழுத்த எண் இருக்க வேண்டும்.

தேர்ந்தெடுத்த நான்கு லேட்டரலிலும் தொடக்கத்தில் ஒரு முறை, முனையில் ஒரு முறை பாருங்கள். முனையில் எண்ட் கேப்பை (குழாய் முனை மூடி) கழற்றி மீட்டரைச் செருகினால் முடிந்தது. தொடக்கத்தில் துளையிட்டு ஊசி முனை மீட்டரால் பார்த்துவிட்டு அடைப்பான் போட்டுவிடலாம். நடுவில் தனியாகப் பார்க்காவிட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள்: லேட்டரலில் அழுத்தம் பெரும்பாலும் முதல் பாதியிலேயே இறங்கிவிடும். கடைசிக் கால்பகுதியில் ஓடும் தண்ணீர் குறைவு, அதனால் உராய்வும் குறைவு. மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இருக்கும் அழுத்தத்தை முனை அழுத்தம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஃபில்டருக்கு முன்னும் பின்னும் மீட்டர் இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 0.5 பாரை நெருங்கினால் ஃபில்டரைக் கழுவ வேண்டிய நேரம் தாண்டிவிட்டது.

7. கணக்கு

4 லிட்டர் டிரிப்பர், சாதாரண வகை, மூன்று நிமிடம் பிடித்தது என்று ஓர் எடுத்துக்காட்டு. மில்லியில்:

முதல் லேட்டரல்: 206, 202, 198, 194
இரண்டாவது: 204, 200, 152, 190
மூன்றாவது: 200, 196, 190, 120
கடைசி: 192, 186, 178, 140

பதினாறையும் கூட்டினால் 2948. பதினாறால் வகுத்தால் சராசரி 184.25. இப்போது மிகக் குறைந்த நான்கை மட்டும் எடுங்கள்: 120, 140, 152, 178. இவற்றின் சராசரி 147.5. இதைப் பெரிய சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் 80 சதவீதம். இதுதான் சீர்மை. கால்வாசி இடத்தைத் தனியாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே ஒரு அடைபட்ட டிரிப்பர் மொத்தக் கணக்கையும் கவிழ்த்துவிடக் கூடாது, அதே நேரம் வாடுகிற பகுதி பெரிய சராசரிக்குள் ஒளிந்துகொள்ளவும் கூடாது.

90-க்கு மேல் வந்தால் மிக நன்று. 80 முதல் 90 வரை நன்று. 70 முதல் 80 வரை சுமார். 70-க்குக் கீழே வந்தால் உடனே கை வைக்க வேண்டும்.

80 என்றால் "நன்று" தானே என்று விட்டுவிடாதீர்கள். குறைவாகக் கிடைக்கும் அந்தக் கால்வாசிச் செடிகளுக்கும் தேவையான அளவு போய்ச் சேர வேண்டுமென்றால் மோட்டாரை 1 ÷ 0.8, அதாவது 1.25 மடங்கு நேரம் ஓட்ட வேண்டும். ஒரு மணி நேரம் ஓட வேண்டியது ஒன்றேகால் மணி. அந்தப் பதினைந்து நிமிடத் தண்ணீரும் மின்சாரமும் உரமும் ஏற்கெனவே போதுமான அளவு கிடைத்த செடிகளின் வேருக்குக் கீழே இறங்கிப் போகிறது.

இங்கே இரண்டு பொறி. சீர்மை 95 வந்தும் சராசரி 150 மில்லி என்றால், எல்லோரும் சமமாகப் பட்டினி கிடக்கிறார்கள் என்று அர்த்தம். சராசரியை விவரத்தாளோடு ஒப்பிடாமல் சதவீதத்தை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது. இரண்டாவது, கூடுதலாக வரும் டிரிப்பரும் குற்றவாளிதான். என் தோட்டத்தில் ஓர் இடத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பு வந்தது. அடைபட்ட டிரிப்பரை யாரோ மாற்றியபோது கையில் கிடைத்த 8 லிட்டர் டிரிப்பரைக் குத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தண்ணீர் மீட்டர் உள்ளவர்கள் இன்னொன்றும் பார்க்கலாம். சராசரியை லிட்டராக்கி மொத்த டிரிப்பர் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 184.25 மில்லி என்றால் மணிக்குச் சுமார் 3.7 லிட்டர். 1200 டிரிப்பர் என்றால் 4400 லிட்டரை ஒட்டி வரும். மீட்டர் 5000 காட்டினால் எங்கோ குழாய் ஒழுகுகிறது.

8. குறைந்ததற்குக் காரணம் எது

சாதாரண டிரிப்பரில் அழுத்தம் நான்கில் ஒரு பங்கானால்தான் தண்ணீர் பாதியாகும். அதாவது அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து தண்ணீர் வரும். 1 பாரில் 200 மில்லி தரும் டிரிப்பர் 0.9 பாரில் 190, 0.8-இல் 179, 0.7-இல் 167, 0.6-இல் 155, 0.5-இல் 141 தர வேண்டும். இந்த வரியை நோட்டின் அட்டையில் எழுதி வையுங்கள்.

மேலே சொன்ன எடுத்துக்காட்டில் கடைசி லேட்டரலின் முனை அழுத்தம் 0.8 பார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 178 வந்த டிரிப்பர் ஒரு குற்றமும் செய்யவில்லை. கிடைத்த அழுத்தத்துக்கு வேலை செய்திருக்கிறது. அதே அழுத்தத்தில் 140 மட்டும் வந்த பக்கத்து டிரிப்பர் அடைபட்டிருக்கிறது. இரண்டாவது லேட்டரலில் 0.95 பார் இருக்கும்போது 152 என்றால் அதுவும் அடைப்பு, 195 வந்திருக்க வேண்டும். மூன்றாவதின் முனையில் வந்த 120-ஐப் பற்றிப் பேச்சே வேண்டாம். ஆக, குறைந்த நான்கில் மூன்று அடைப்பு, ஒன்று அழுத்தம். அழுத்தம் பார்க்காதவர் இதே எண்களை வைத்துக்கொண்டு "பின்பக்கம் பிரஷர் பத்தலை" என்று பெரிய மோட்டார் வாங்கப் போயிருப்பார்.

அழுத்த ஈடுசெய்யும் டிரிப்பருக்கு இந்த வர்க்கமூலக் கணக்கு பொருந்தாது. விவரத்தாளில் போட்டிருக்கும் குறைந்தபட்ச அழுத்தம் இருந்தால் எல்லாம் ஒரே அளவு தர வேண்டும். அழுத்தம் போதுமானதாக இருந்தும் குறைந்தால் அடைப்பு. கூடினால் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கெட்டிருக்கிறது, அல்லது மண் துகள் அதில் சிக்கியிருக்கிறது.

ஒரு லேட்டரல் முழுக்கக் குறைந்தால் சப்மெயினிலிருந்து அது கிளம்பும் இடத்தைப் பாருங்கள். குழாய் மடங்கியிருக்கும், இல்லை ரப்பர் வாஷர் ஒழுகும். எல்லா லேட்டரலும் முனையை நோக்கி ஒரே சீராகக் குறைந்துகொண்டு போனால் லேட்டரல் அந்தக் குழாய் தாங்கும் நீளத்தைத் தாண்டிவிட்டது. அதைக் கழுவியெல்லாம் சரிசெய்ய முடியாது. நடுவில் இன்னொரு சப்மெயின் கொடுக்க வேண்டியதுதான்.

9. அடைப்பு என்றால்

எதையும் ஊற்றுவதற்கு முன் ஒரு டிரிப்பரைப் பலி கொடுங்கள். மோசமான எண் வந்ததைக் கழற்றி, இன்லைன் என்றால் அந்தத் துண்டை வெட்டி, பிளேடால் பிளந்து பாருங்கள். என் தோட்டத்தில் மோசமாக வந்த ஒரு டிரிப்பரைப் பிளந்தபோது உள்ளே வளைந்து வளைந்து போகும் பாதையில் பாதி தூரத்துக்கு வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. ஒரு சொட்டு அமிலம் விட்டதும் நுரைத்தது. நுரைத்தால் அது கார்பனேட் உப்பு, அமிலத்துக்குக் கரையும். வழவழவென்று கையில் ஒட்டினால் பாசியோ பாக்டீரியாக் கசடோ, அதற்குக் குளோரின். நறநறவென்றால் மணல், அதற்கு எந்த மருந்தும் இல்லை, ஃபில்டரில்தான் ஓட்டை. செம்பழுப்பாக இருந்தால் தண்ணீரில் இரும்பு. இரும்புத் தண்ணீரில் ஃபில்டருக்குப் பின்னால் குளோரின் விட்டால் கரைந்திருக்கும் இரும்பு துருவாகப் படிந்து இன்னும் அடைக்கும். கவனம்.

எதுவானாலும் முதல் வேலை அலசிவிடுவதுதான். வரிசை முக்கியம்: முதலில் மெயின், அப்புறம் சப்மெயின் அலசும் வால்வு, கடைசியாக லேட்டரல் முனைகள். எல்லா எண்ட் கேப்பையும் ஒரேயடியாகத் திறந்தால் எதிலும் வேகம் இருக்காது, அழுக்கு நகராது. ஐந்தாறு லேட்டரலாகத் திறந்து, முனையில் ஒரு வாளி வைத்துப் பாருங்கள். 16 மி.மீ. குழாயில் நிமிடத்துக்கு மூன்று லிட்டராவது கொட்டினால்தான் நொடிக்கு 0.3 மீட்டர் வேகம் வந்து கசடை இழுத்துக்கொண்டு போகும். தெளிந்த தண்ணீர் வரும்வரை விடுங்கள்.

அமிலத்தின் அளவை யாரிடமும் கேட்காதீர்கள், உங்கள் தண்ணீரிடமே கேளுங்கள். பத்து லிட்டர் பாசன நீரை வாளியில் எடுத்து, அளந்து அளந்து அமிலத்தைச் சேர்த்து, பிஎச் (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 4 வர எத்தனை மில்லி ஆகிறது என்று பாருங்கள். அந்த விகிதத்தை ஓடும் நீரின் அளவுக்குப் பெருக்கிக்கொள்ளலாம். கடைசி டிரிப்பரில் பிஎச் தாள் நிறம் மாறியதும் நிறுத்தி, அரைமணி முதல் ஒரு மணி வரை குழாயிலேயே நிற்கவிட்டு, நன்றாக அலசிவிடுங்கள். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். அமிலத்தையும் குளோரினையும் ஒரே தொட்டியில், ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கூட வேலை செய்யாதீர்கள். இரண்டும் கலந்தால் வருவது நச்சுவாயு.

10. திரும்ப அளப்பது

அதே பதினாறு இடம், அதே மூன்று நிமிடம், மோட்டாரும் வால்வும் அன்று இருந்த மாதிரியே. இதற்காகத்தான் முதல் தடவையே ஒவ்வொரு இடத்திலும் ஒரு குச்சி நட்டு எண் எழுதி வைக்கச் சொல்வேன்.

எடுத்துக்காட்டுக்கே வருவோம். அடைபட்ட மூன்றும் கழுவிய பிறகு 192, 180, 174 என்று வந்தால் சராசரி 192.6. குறைந்த நான்கின் சராசரி 179.5. சீர்மை 93. இனி ஒரு மணி நேரத் தேவைக்கு அறுபத்தைந்து நிமிடம் போதும். கழுவியும் ஏறாத டிரிப்பரை மாற்றிவிடுங்கள், அதே லிட்டர் அளவுதானா என்று பார்த்து. மண்ணுக்கு அடியில் புதைத்த குழாய் என்றால் இந்தப் பதினாறு இடத்தையும் தோண்டித்தான் ஆக வேண்டும். அது முடியாதவர்கள் ஒவ்வொரு பகுதியின் தண்ணீர் மீட்டர் அளவையும் லேட்டரல் முனை அழுத்தத்தையும் மாதம் ஒரு முறை எழுதிக்கொண்டே வரலாம். அழுத்தம் மாறாமல் மீட்டர் அளவு மட்டும் குறைந்துகொண்டு வந்தால் உள்ளே அடைத்துக்கொண்டிருக்கிறது.